கச்சியின் ஊராட்சி – 11: குடமும் கணக்கும்

2024 ஜனவரி 26 அன்று டெல்லி கடமைப் பாதையில் அணிவகுத்த தமிழ்நாட்டு அலங்கார ஊர்தி, குடத்தில் ஓலையிட்டு ஆளெடுக்கும் குடவோலை முறையைக் காட்டியது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் அந்த முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டைத்தான் எடுத்துக்காட்டிப் பேசினார். காஞ்சிக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் ஒரு பேரூராட்சி இப்படி இந்திய ஜனநாயகத்தின் பிறந்த வீடாகிவிட்டது. பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் பெருமை முழுவதும் குடத்தின் மேலேயே குவிந்துவிட்டதால், அதே கல்வெட்டு இன்னும் அழுத்திச் சொன்ன வேறொன்று கண்ணில் படாமல் போயிற்று. ஒருவரை எப்படிப் பதவியில் உட்கார வைப்பது என்பதைவிட, பதவியில் இருந்தவரிடம் எப்படிக் கணக்கு வாங்குவது என்பதில்தான் இந்த வட்டாரத்துப் பழைய சபைகள் அதிகக் கவலைப்பட்டன. இன்றைய காஞ்சிபுரம் மாநகராட்சியின் 51 வார்டுகளும் அந்த மரபில் குடத்தை எடுத்துக்கொண்டன, கணக்கை விட்டுவிட்டன என்பதே இந்தப் பகுதியில் நாம் வைக்கும் வாதம்.

முதலில் கல்வெட்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. அதாவது கி.பி. 919, 921. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்றைய வார்டுக்கு நெருங்கிய சொந்தம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் தாங்கிய வாயோலை பூட்டிக் கட்டாக்கிக் குடத்தில் இட்டார்கள். சிறியோரும் பெரியோருமாகச் சபை நிறைந்திருக்க, கோயில் அர்ச்சகர்களான நம்பிமார் அனைவரும் மண்டபத்தில் கூடியிருக்க, அவர்களில் மூத்தவர் குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் கொட்டிக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலை எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி வாசிப்பார். மண்டபத்தில் இருக்கும் நம்பிமாரும் ஒவ்வொருவராக வாசிப்பார்கள். விரலை விரிக்கச் சொன்னவர்கள் ஓலையை மாற்றும் கைவித்தையை ஏற்கெனவே பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். இப்படி எடுத்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் எனும் ஆண்டுக் குழு, 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் இதே போலத் தனியாக ஓலை எடுத்தார்கள்.

பள்ளிப் பாடநூலில் இங்கேயே கதை முடிந்துவிடும். கல்வெட்டைத் தொடர்ந்து படித்தால், யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்பதற்குச் சில வரிகளே போதுமாக இருக்கின்றன. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் இறைநிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35 முதல் 70 வயது, வேதக் கல்வி என்று அது முடிகிறது. யார் பெயரை எழுதக் கூடாது என்பதோ நீண்டுகொண்டே போகிறது. அந்தப் பட்டியலில் முக்கிய இடம், முன்பு எந்த வாரியத்திலாவது இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு. தடை அவரோடு நிற்கவில்லை. அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், தாய்மாமன், சகோதரி கணவன், மனைவியின் சகோதரியை மணந்தவன், அத்தை மகன் என்று உறவு முறை சொல்லிச் சொல்லித் தடுக்கிறார்கள். ஒருவர் செய்த தவறுக்கு மைத்துனரை ஏன் தண்டிக்க வேண்டும் என்று இன்றைய நீதி கேட்கும், நியாயமாகவே கேட்கும். ஆனால் நாற்காலியில் ஒருவர், அதன் பின்னால் இன்னொருவர் என்ற ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. அந்தச் சபைக்கும் அது தெரிந்திருந்தது. மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் மறுபடி வரக் கூடாது. வாரியம் செய்யும் காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் அப்போதே விலக்கல். 919இல் எழுதிய விதி இரண்டே ஆண்டில் திருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முதல் விதியில் 30 முதல் 60 ஆக இருந்த வயது வரம்பு இரண்டாவதில் உயர்ந்தது. தீயவர் கெட்டு நல்லவர் தழைக்க வேண்டும் என்ற நோக்கத்தைக் கல்வெட்டே சொல்லிவிடுகிறது. முதல் ஏற்பாட்டில் ஏதோ ஓட்டை இருந்து, அதில் யாரோ நுழைந்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். சபையில் இருந்தவர்கள் நிலமுடைய பிராமண ஆண்கள். உழுதவருக்கும் நெய்தவருக்கும் பெண்களுக்கும் அங்கே ஓலை இல்லை. குடத்திலிருந்து எடுப்பது சீட்டுக் குலுக்கல்தான், தேர்தல் ஆகாது. போதாக்குறைக்கு, இரண்டு முறையும் சோழ அரசனின் அதிகாரி ஒருவர் உடனிருந்து ஏற்பாட்டை முடித்து வைத்திருக்கிறார். இதையா ஜனநாயகம் என்பது? இந்த மறுப்பில் ஒவ்வொரு சொல்லும் சரி. அதை முழுவதுமாக ஒப்புக்கொள்வதால் நம் வாதம் பலவீனப்படுவதில்லை, பலப்படுகிறது. வாக்குரிமையை எடுத்துக்கொண்டால் பத்தாம் நூற்றாண்டிடம் நாம் கற்க ஒன்றுமில்லை. 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு என்ற நம் ஏற்பாடு அதைவிட எவ்வளவோ மேல். வேதமும் நிலமும் கேட்ட தகுதிப் பட்டியலைத் தூக்கி எறிந்த பிறகு அந்தக் கல்வெட்டில் மிஞ்சுவது எது? கணக்குக் காட்டாதவன் திரும்பி வரக் கூடாது என்ற ஒரே விதிதான். சாதியோடு சேர்ந்து காலாவதியாகாத பகுதி அது.

அது பிராமணச் சபைக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை என்பதற்குக் காஞ்சி நகரமே சான்று தருகிறது. சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடு ஒன்று இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தைச் சேர்ந்தது. கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாள் கோயிலின், அதாவது இன்றைய பெரிய காஞ்சிபுரம் உலகளந்த பெருமாள் கோயிலின், வைப்புப் பொன்னையும் வருவாயையும் எப்படிச் செலவிடுவது என்று வகுப்பதே அதன் வேலை. கோயில் காரியத்தைப் பார்க்கும் பொறுப்பு கம்புழான்பாடி, அதிமானப்பாடி முதலான நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகளிடம் போகிறது. நெசவாளர்கள். அவர்களுக்கு வரிச் சலுகையும் உண்டு. சலுகையோடு நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது: திருவிழா முடிந்த கையோடு ஆட்டை வாரியம் எனும் ஆண்டுக் குழுவில் இருப்போரும் மாநகரத்தாரும் கோயில் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆண்டு முடிவில் என்றோ, வசதிப்பட்டபோது என்றோ சொல்லவில்லை. செலவு அதிகமாக ஆகும் காரியம் எதுவோ அது முடிந்த சூட்டோடு, எண்ணெய் ஊற்றியவரும் பூ கட்டியவரும் ஊரில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். உத்திரமேரூரில் வேதம் படித்தவரும் காஞ்சியில் தறி போட்டவரும் வேறு வேறு உலகம். இருவரிடமும் ஒரே கேள்வி கேட்கப்பட்டது.

இந்த வழக்கம் எப்போது திசை மாறியது? காஞ்சிபுரம் நகராட்சி 1866இல் உருவானது. அதற்கு அடிப்படை 1865ஆம் ஆண்டின் சென்னை மாகாண நகர மேம்பாட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தின்படி நகராட்சி ஆணையர்கள் நியமிக்கப்பட்டவர்கள். ஊரில் தண்டிய வரியில் காவல்துறைச் செலவுக்கே பெரும் பங்கு போயிற்று. 1882இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம், 1884இல் மாவட்ட நகராட்சிகள் சட்டம், 1920இல் அதற்கு மாற்றாக வந்த சட்டம் என்று தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் கூடிக்கொண்டே வந்தன. வரி கட்டும் சிலருக்கு மட்டும் இருந்த ஓட்டு சுதந்திரத்துக்குப் பின் எல்லோருக்கும் வந்தது. இந்தக் கதையை நாம் எப்போதும் வாக்குரிமை விரிந்த கதையாகவே சொல்கிறோம். அதே காலத்தில் கணக்கு போன வழியையும் பார்க்க வேண்டும். நகராட்சியின் வரவு செலவு கலெக்டருக்கும் மாகாண அரசுக்கும் போயிற்று. பிள்ளையார்பாளையத்துத் தெருவுக்கு வரவில்லை. கணக்கு கேட்கும் உரிமை கீழிருந்து மேலே ஏறிவிட்டது, அப்புறம் இறங்கவே இல்லை. வெள்ளைக்காரன் தொடங்கி வைத்த இந்த ஏற்பாட்டை நாம் சுதந்திரத்துக்குப் பிறகும் கைவிடாமல் காப்பாற்றி வந்திருக்கிறோம்.

ஓட்டாவது ஒழுங்காக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. தமிழ்நாட்டு நகராட்சிகளுக்கு 1986 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அடுத்தது 1996 அக்டோபரில். 1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கியது. 2001, 2006, 2011 என்று அது நடக்கவும் செய்தது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டியதை இட ஒதுக்கீட்டுச் சிக்கலால் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்தியது. பிறகு 2022 பிப்ரவரி 19 வரை நகர்ப்புறத்தில் வாக்குச்சாவடியே திறக்கவில்லை. ஐந்தாண்டுக்கும் மேலாக, தேர்ந்தெடுத்த மன்றத்துக்குப் பதிலாக அரசு அமர்த்திய தனி அலுவலர் ஆட்சி. தனி அலுவலர் என்றால் என்னவென்று காஞ்சி நெசவாளருக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்களுடைய பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக அந்தப் பதவி நன்றாகவே அறிமுகம். மேயரையும் நகர்மன்றத் தலைவரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதும் ஆட்சிக்கு ஆட்சி மாறியது. 1996இல் நேரடி, 2006இல் மறைமுகம், 2011இல் மறுபடி நேரடி, 2022இல் மறுபடி மறைமுகம். 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சிபுரம் 2022 மார்ச் 4 அன்று தன் முதல் மேயரை மாமன்ற உறுப்பினர்களின் ஓட்டால் பெற்றது. மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் அந்த இடத்துக்கு வந்தவர் ஒரு பெண். இடங்களில் பாதி பெண்களுக்கு என்ற 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தையும் சேர்த்துச் சொன்னால், யார் உள்ளே வரலாம் என்பதில் நாம் உத்திரமேரூரை எங்கோ பின்னால் விட்டுவிட்டோம்.

கணக்கே இல்லை என்று எப்படிச் சொல்லலாம், உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறதே என்று அரசு அலுவலகம் அறிந்தவர்கள் கேட்பார்கள். தணிக்கை உண்டு. தணிக்கை அறிக்கையும் உண்டு. அதை எழுதுபவர் அரசு ஊழியர், படிப்பவர் அரசு ஊழியர், பதில் எழுதுபவரும் அரசு ஊழியர். வார்டில் ஓட்டுப் போட்டவர் அந்தக் கடிதப் போக்குவரத்தில் எங்கும் வருவதில்லை; வார்டு வாரியாக என்ன வந்தது, என்ன செலவானது என்று அவருக்குப் புரியும்படி ஒரு தாள் வாசிக்கப்படுவதும் இல்லை. சட்டம் கவுன்சிலரிடம் ஒரு கணக்கு கேட்கத்தான் செய்கிறது. தேர்தல் முடிந்து 30 நாளில் தன் தேர்தல் செலவுக் கணக்கை அவர் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் மாநிலத் தேர்தல் ஆணையம் மூன்றாண்டுக்குப் போட்டியிடத் தடை விதிக்கலாம். மூன்றாண்டு என்ற எண் உத்திரமேரூரிலும் வருகிறது, தற்செயல்தான். ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். பதவிக்கு வர எவ்வளவு செலவழித்தாய் என்று இன்றைய சட்டம் கேட்கிறது. பதவியில் இருந்தபோது எவ்வளவு செலவழித்தாய் என்று பழைய சபை கேட்டது. மாமன்றத்துக்குள்ளே ஒருவரை ஒருவர் கேட்கும் வழி ஒன்று இருக்கிறது, அதுவே நம்பிக்கையில்லாத் தீர்மானம். மேயர் மீதான அத்தகைய தீர்மானத்துக்காக 2024 ஜூலை 29 அன்று காஞ்சிபுரம் மாமன்றம் கூட்டப்பட்டது. உறுப்பினர்கள் வரவில்லை, தீர்மானம் தோற்றது. யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்துக்குள் போக இங்கே தேவையில்லை. குற்றச்சாட்டும் மறுப்பும் மன்றத்தில் பேசப்பட்டுப் பதிவாகியிருந்தால் வாக்காளருக்குக் கொஞ்சமாவது விவரம் கிடைத்திருக்கும். அதுவும் இல்லாமல் போயிற்று.

இன்னொரு தரப்பு, குறை கணக்கில் இல்லை, ஓட்டை எண்ணும் முறையில் இருக்கிறது என்கிறது. வார்டுக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி என்பதால் ஒரே அணி மன்றத்தை விழுங்கிவிடுகிறது; கேள்வி கேட்க ஆளில்லை என்பது அவர்கள் வாதம். இதைச் சோதித்துப் பார்க்க ஸ்காட்லாந்து நல்ல இடம். 2003இல் கிளாஸ்கோ நகர மன்றத்தில் தொழிற்கட்சி பாதிக்கும் குறைவான ஓட்டு வாங்கி 79 இடங்களில் 71ஐப் பிடித்தது. அடுத்த ஆண்டே சட்டம் மாறியது. 2007 முதல் அங்கே ஒரு வார்டுக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு உறுப்பினர்கள்; வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுவார்; ஒருவருக்கு மிஞ்சிய ஓட்டு அடுத்தவருக்கு மாறும். கிளாஸ்கோவில் தொழிற்கட்சி 45ஆக இறங்கியது, மற்றவர்கள் உள்ளே வந்தார்கள். நல்ல மாற்றம்தான், நம் ஊருக்கும் யோசிக்கத் தக்கது. ஆனால் புது முறையிலும் ஒரு கோணல் தெரிந்தது: ஒரே கட்சியின் இரண்டு வேட்பாளர்களில் அகரவரிசையில் முன்னால் இருப்பவருக்கு முதல் விருப்பம் கூடுதலாக விழுந்தது. (உள்ளே இருப்பதை அறியாத சிறுவனைக் குடத்துக்குள் கையை விடச் சொன்னவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.) 2022 தேர்தலில் பாதி வாக்காளர்கூட ஓட்டுப் போட வரவும் இல்லை. ஸ்காட்லாந்தில் நாம் பார்க்க வேண்டியது எண்ணும் முறையைவிடப் பழைய ஒரு விதி. 1973ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 101ஆவது பிரிவின்படி, அக்கறையுள்ள எவரும் மன்றத்தின் கணக்கையும் ரசீதுகளையும் நேரில் பார்க்கலாம், நகல் எடுக்கலாம், தணிக்கையாளரிடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஓட்டு முறை மாறுவதற்கு 30 ஆண்டு முன்பே அந்த உரிமை வந்துவிட்டது.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது. கவுன்சிலருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது, பணம் ஆணையர் கையில், திட்டம் கோட்டையில், அவரிடம் கணக்குக் கேட்டு என்ன பயன் என்பார்கள். அதிகாரம் குறைவு என்பது உண்மை. ஆனால் காஞ்சியில் வார்டு வேலை என்பது அலங்கார வேலையில்லை. குழித்தறி இருக்கும் வீட்டில் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் மழைநீர் தறிக்குழிக்குள் இறங்கும்; பாவு நனைந்தால் அந்த வாரக் கூலி போயிற்று. அந்தச் சாக்கடையைத் தூர்வார எத்தனை ரூபாய் ஒதுக்கினார்கள், எந்தத் தேதியில் தூர்வாரினார்கள் என்று கேட்பதற்குப் பெரிய அதிகாரம் எதுவும் வேண்டாம், பதில் சொல்லும் கடமை இருந்தால் போதும். அந்தக் கடமையைச் சட்டமாக எழுதவும் முடியும். கேரளப் பஞ்சாயத்துச் சட்டத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்ட வேண்டிய கிராம சபையைத் தொடர்ந்து இரண்டு முறை கூட்டத் தவறிய வார்டு உறுப்பினர் பதவியை இழக்கிறார். தமிழ்நாட்டிலேயே காஞ்சியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஆண்டுக்குப் பல முறை கிராம சபை கூடி வரவு செலவை வாசிக்கிறது. வாசிப்பு சடங்காகிவிடும் ஊர்கள் உண்டு, ஆனாலும் எழுந்து நின்று கேட்க ஓர் இடம் இருக்கிறது. நகரத்துக்கு அதுகூட நெடுங்காலம் இல்லை. 2022இல்தான் வார்டு குழுவுக்கும் பகுதி சபாவுக்கும் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், நகரங்களில் பகுதி சபாக்கள் கூடின. தெருவிளக்கும் குடிநீரும் பற்றி மனு வாங்கும் கூட்டமாக அது நின்றுவிட்டால் பயனில்லை. வார்டின் ஆண்டுக் கணக்கை அங்கே வாசிக்க வேண்டும், வாசிக்கத் தவறிய உறுப்பினர் அடுத்த தேர்தலில் நிற்கக் கூடாது என்று ஒரு வரி சேர்ந்தால்தான் அந்த விதிகளுக்கு முதுகெலும்பு வரும். உறவினர் பட்டியலெல்லாம் வேண்டாம். உறுப்பினர் ஒருவருக்கு மட்டும் போதும்.

தேர்தலும் தணிக்கையும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது என்பதை 2016க்கும் 2022க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் காட்டிவிட்டன. தணிக்கை நடந்தது, கேட்க ஆளில்லை. 2022க்குப் பிறகு ஆள் வந்தார், கணக்கை வாசித்துக் கேட்கும் இடம் இன்னும் வரவில்லை. இப்போதைய மாமன்ற உறுப்பினர்கள் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றார்கள். அவர்களுடைய ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. மறுபடி ஓட்டுக் கேட்டு வருபவரிடம் காஞ்சி வாசகர்கள் ஒன்று கேட்கலாம்: உங்கள் வார்டில் இந்த ஐந்தாண்டில் நடந்த வேலைகள், அவற்றுக்கு ஆன செலவு, வேலை எடுத்த ஒப்பந்ததாரர், இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள் என்று. புதிதாக நிற்பவரிடம், ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தாளைத் தருவதாக எழுதி வாங்குங்கள்.

(அடுத்த பகுதி: 1866இல் காஞ்சிபுரம் நகராட்சி போட்ட வரிகள்)